சூம் வேற, டெலி வேறயா? பத்துமலைக்கு 70-200 வாங்கலாமா?

#1 செந்தூல் பையன் | கோலாலம்பூர்

வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. தைப்பூசத்துக்குள்ள ஒரு லென்ஸ் வாங்கணும். கையில இருக்கிறது ஏ.பி.எஸ்.சி. சென்சார் கேமரா, கூடவே வந்த 18-55. பத்துமலையில படி ஏறுற காவடியைக் கீழ நின்னு எடுக்கணும். மத்த நாள்ல பறவை. பழைய 70-200 ஒண்ணு, வெளிச்சம் நிறைய வாங்குற எஃப் 2.8, பார்த்து வச்சிருக்கேன்.

கடையில கேட்டா, "தம்பி, இது சூம் லென்ஸ். டெலி வேணும்னா அது வேற, விலையே வேற"ன்னு அலமாரிக்குள்ள இருந்த ஒரு வெள்ளைப் பீரங்கியைக் காட்டுறார். வீட்டுக்கு வந்தா மாமா, "135-ஐத் தாண்டினாலே டெலிதான்டா"ங்கிறார். யூடியூப்ல ஒருத்தர் இன்னும் ஒரு படி மேல போய், "நீளமா இருக்கிற லென்ஸ் எல்லாம் டெலிஃபோட்டோ கிடையாது"ன்னு அடிச்சுச் சொல்றார். யாரை நம்புறது?

#2 மாமாக் டேபிள் | கோலாலம்பூர்

கடைக்காரர் விலையைச் சொன்னார், மாமா அனுபவத்தைச் சொன்னார், யூடியூப்காரர் பாடம் சொன்னார். மூணு பேரும் அவங்கவங்க வேலையைத்தான்லா செஞ்சிருக்காங்க.

#3 கேமராப்பெட்டி | பிரிக்பீல்ட்ஸ்

தம்பி, கடைக்காரர் சொன்னதை முதலில் ஒதுக்கி வையுங்கள். குவியத்தூரத்தை, அதாவது லென்ஸில் 70, 200 என்று எழுதியிருக்கும் மி.மீ. எண்ணை, மாற்றிக்கொள்ள முடிந்தால் அது சூம், அவ்வளவுதான். 10-20 கூட சூம்தான், ஆனால் அகலக் கோணம். 400 எஃப் 2.8 டெலிதான், ஆனால் சூம் இல்லை. வளையத்தைத் திருகினால் ஃபோக்கஸ் மட்டும் மாறும். நீங்கள் பார்த்து வைத்திருக்கும் 70-200 சூமும்தான், டெலியும்தான். நம் பேச்சில் 'சூம் பண்ணு' என்றால் 'கிட்டே இழு' என்று ஆகிவிட்டதால், நீளமாகத் தெரிகிற எதையும் சூம் என்று சொல்லிப் பழகிவிட்டோம்.

டெலி என்பதற்குப் படம் எடுக்கிறவர்களிடம் இருக்கும் அர்த்தம் குறுகிய கோணம். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் (36×24 மி.மீ. சென்சார்) சாதாரண லென்ஸ் எனப்படும் 50 மி.மீ. மூலைக்கு மூலை சுமார் 47 பாகை பார்க்கும். 100-இல் அது 24, 200-இல் 12, 400-இல் 6. கோணம் பாதியானால் பொருள் ஏறக்குறைய இரு மடங்காகத் தெரியும். 85-இலிருந்து 135 வரை குட்டி டெலி, 300 வரை நடுத்தரம், அதற்கு மேல் சூப்பர் டெலி என்று பொதுவாகச் சொல்வார்கள். கோடு எங்கே விழுகிறது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதற்காக மாமாவோடு சண்டை போட வேண்டாம்.

உங்கள் சென்சார் சிறியது. அதனால் 200 மாட்டினால் ஃபுல் ஃப்ரேமில் 300 காட்டும் கோணம் கிடைக்கும், கேனன் என்றால் 320. லென்ஸ் மாறவில்லை, 200 ஆகவேதான் இருக்கிறது. ஓரத்தைச் சென்சார் வெட்டிவிடுகிறது.

#4 எங்காங் துரத்தி | ஜார்ஜ் டவுன்

காவடிக்கு 70-200 போதும். பறவைக்குப் பத்தவே பத்தாது, முன்னாடியே சொல்லிடுறேன்.

வெண்மார்பு மீன்கொத்தி கிட்டத்தட்ட 28 செ.மீ. நீளம். 10 மீட்டர் தள்ளி மரக்கிளையில உட்கார்ந்திருந்தா, 200-ல சென்சார் மேல அது 5.6 மி.மீ. தான். உங்க சென்சார் அகலம் 23.5. அதாவது படத்துல கால்வாசி. 600 போட்டா 16.8 மி.மீ., அப்பத்தான் அலகு, கண்ணு, இறகு எல்லாம் பிரிஞ்சு தெரியும். 10 மீட்டர்ங்கிறதும் நல்ல நாள்ல. பினாங்கு தாவரவியல் பூங்காவுல எங்காங் (இருவாச்சி) வந்து உட்காருறது உச்சாணிக் கிளையில.

லென்ஸுக்கும் கேமராவுக்கும் நடுவுல 1.4 மடங்கு கன்வெர்ட்டர் போட்டா 280 எஃப் 4 ஆகும், ஒரு ஸ்டாப் போகும், அதாவது வெளிச்சம் பாதியாகும். 2 மடங்கு போட்டா 400 எஃப் 5.6, ரெண்டு ஸ்டாப் போகும், கூர்மையும் கொஞ்சம் போகும். பழைய 70-200-க்கு 2 மடங்கு நான் சொல்லவே மாட்டேன்.

#5 செந்தூல் பையன்

நன்றி அண்ணே. அப்போ யூடியூப்காரர் சொன்னது சும்மா பில்டப்பா? நீளமா இருந்தும் டெலி இல்லைன்னா அது என்ன?

#6 கேமராப்பெட்டி

பில்டப் இல்லை. அவர் சொல்வது லென்ஸ் செய்கிறவர்களின் அர்த்தம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஒரே ஒரு குவிவில்லையை வைத்து 500 மி.மீ. லென்ஸ் செய்தால், தூரத்துப் பொருளை எடுக்க வில்லைக்கும் ஃபிலிமுக்கும் நடுவே அரை மீட்டர் இடைவெளி வேண்டும். 19-ஆம் நூற்றாண்டில் இதற்காகவே மடிப்புத் தோல் பெல்லோஸை நீட்டிக்கொண்டே போனார்கள். அப்படிப்பட்ட லென்ஸ் நீள்குவிய லென்ஸ். தூரத்தை நன்றாகவே இழுக்கும், ஆனால் டெலிஃபோட்டோ இல்லை. வானியல்காரர்கள் வில்லைத் தொலைநோக்கியில் கேமராவை மாட்டி எடுக்கிறார்களே, அதில் பெரும்பாலானது இந்த வகைதான்.

டெலிஃபோட்டோவில் முன்னால் குவிக்கும் தொகுதி, பின்னால் விரிக்கும் தொகுதி. முன்னது ஒளியைச் சீக்கிரமாகக் குவித்துக்கொண்டு வரும், பின்னது அந்த வேகத்தைத் தளர்த்தும். கடைசியில் சென்சாரில் விழும் கதிர்களை வந்த வழியே நேராகப் பின்னோக்கி நீட்டிப் பார்த்தால், லென்ஸுக்கும் முன்னால், வெறும் காற்றில் ஓர் இடத்திலிருந்து குவியத் தொடங்கியது போல இருக்கும். குவியத்தூரத்தை அங்கிருந்து அளக்க வேண்டும். அதனால்தான் 300 மி.மீ. லென்ஸ் 300 மி.மீ. நீளம் இல்லாமலே பிழைத்துக்கொள்கிறது.

முன் கண்ணாடியிலிருந்து சென்சார் வரை உள்ள நீளத்தைக் குவியத்தூரத்தால் வகுத்தால் டெலி விகிதம். அது 1-க்குக் கீழே இருந்தால்தான் டெலிஃபோட்டோ. 2015-இல் வந்த நிக்கானின் 300 எஃப் 4 பி.எஃப். லென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் 147.5 மி.மீ., எடை 755 கிராம். மவுண்டிலிருந்து (லென்ஸ் கேமராவில் பூட்டும் இடம்) சென்சாருக்கு 46.5 மி.மீ. சேர்த்தால் 194. அதை 300-ஆல் வகுத்தால் 0.65. அதில் நுண்ணிய வளைய வரிகளால் ஒளியை வளைக்கும் விளிம்புவிளைவு (டிஃப்ராக்ஷன்) வில்லை ஒன்று இருப்பதால் இவ்வளவு சுருங்கியது. சும்மா கிடைக்கவில்லை, பிரகாசமான விளக்கு சட்டத்துக்குள் வந்தால் அதைச் சுற்றி நிற வளையம் விழும். தைப்பூச ராத்திரியில் ஃபிளட்லைட்டுக்கு நேராக நிற்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இந்த யோசனை பழையது. குவிவில்லையும் குழிவில்லையும் சேர்ந்தால் பிம்பம் பெரிதாகும் என்று கெப்ளர் 1611-லேயே எழுதிவிட்டார். கேமராவுக்கென்று அது வந்தது 1891-இல். லண்டனில் தாமஸ் டால்மேயர், ஜெர்மனியில் மீத்தே, ஸ்டைன்ஹைல் என்று மூன்று பேர் ஏறக்குறைய ஒரே நேரத்தில். முதலில் யார் என்று அவர்களுக்குள் தகராறே நடந்தது.

இதையே தலைகீழாகத் திருப்பி, விரிக்கும் தொகுதியை முன்னால் வைத்தால் ரெட்ரோஃபோக்கஸ். எஸ்.எல்.ஆர். கேமராவுக்குள் இருக்கும் முகக்கண்ணாடி ஆடுவதற்கு இடம் விட்டு அகலக் கோண லென்ஸ் செய்ய அது உதவியது. 1950-இல் பிரான்சின் ஆஞ்ஜெனியூ அந்தப் பெயரில் விற்றார். ஆக, உங்கள் 18-55-இன் அகல முனையும் டெலிஃபோட்டோவின் தலைகீழ் உறவுதான்.

#7 மாமாக் டேபிள்

அண்ணே, மதியம் சாப்பிட்டு உட்கார்ந்து படிச்சேன், தூக்கம் வரலை, அதுவே பெரிய விஷயம்.

ஒரு சந்தேகம். 2016-ல ஐபோன் 7 பிளஸ்ல ரெண்டாவது கேமராவுக்கு டெலிஃபோட்டோன்னு பேர் வச்சாங்க. அது 56 மி.மீ.க்குச் சமம். உங்க கணக்குல 50 சாதாரண லென்ஸ். 6 மி.மீ. கூட்டி டெலின்னு விக்கிறது நம்ம கடைக்காரரை விடப் பெரிய ஆளு இல்லையா?

#8 கேமராப்பெட்டி

கோணத்தின் அர்த்தத்தில் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, 56-ஐ டெலி என்பது விளம்பரம். ஆனால் லென்ஸ் செய்கிறவர்களின் அர்த்தத்தில் பாருங்கள். அந்தக் கேமராவின் உண்மையான குவியத்தூரம் 6.6 மி.மீ. போனின் தடிமன் 7.3. முன்பக்கம் திரை, உள்ளே சென்சார், எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். கேமரா மேடு கொஞ்சம் கைகொடுத்தாலும், நீளத்தைக் குவியத்தூரத்துக்கும் கீழே சுருக்குவதுதான் இந்த வகைப் போன் லென்ஸ்களின் முழு வேலையே. பெரிய கேமராவின் பீரங்கிக்கு எவ்வளவு உரிமையோ, பெயரின் மேல் இதற்கும் அவ்வளவு உரிமை உண்டு.

இன்னும் நீளம் வேண்டும் என்றபோது படுக்கப் போட்டுவிட்டார்கள். 2019-இல் ஹுவாவெய் பி30 புரோவில் ஒரு பட்டகம் ஒளியை 90 பாகை திருப்பியது, லென்ஸ் போனுக்குள் குறுக்கே கிடந்தது, 5 மடங்கு கிடைத்தது. அதற்கு அடுத்த வருடம் சாம்சங் எஸ்20 அல்ட்ரா '100 மடங்கு' என்று பின்னால் எழுதிக்கொண்டே வந்தது. அதில் கண்ணாடி செய்யும் வேலை சிறு பங்குதான், மீதி வெட்டிப் பெரிதாக்குவது.

#9 எங்காங் துரத்தி

பேர் எதுவா இருந்தாலும் போகட்டும். டெலிக்கு ஒரு குணம் உண்டு, அதை விட்டுட்டீங்க. பின்னணியை முன்னாடி இழுத்து ஒட்டி வைக்கும். பத்துமலைப் படிக்கு 2018-ல வண்ணம் அடிச்சாங்க இல்லையா, முற்றத்தோட கடைசியில நின்னு 200-ல எடுங்க, படி எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி ஒரே வண்ணச் சுவரா நிக்கும். 18-ல எடுத்தா ஆளு பெருசு, படி எங்கேயோ. லென்ஸ் செய்ற வேலை அது.

#10 ஆயர் ஈத்தாம் டீச்சர் | பினாங்கு

லென்ஸ் செய்ற வேலை இல்லைங்க. நான் கணக்கு டீச்சர், இதை விட்டுட்டுப் போக மனசு வராது.

இரட்டைக் கோபுரம் 452 மீட்டர். ஃபுல் ஃப்ரேம் கேமராவை நிமிர்த்திப் பிடிச்சா சட்டத்தோட உயரம் 36 மி.மீ. அண்ணாந்து பிடிக்கிற கோணலை ஒதுக்கிட்டா, 24 மி.மீ. லென்ஸோட 300 மீட்டர்ல நின்னா கோபுரம் சட்டத்தை நிரப்பும். 400-ஐ மாட்டிக்கிட்டு அம்பாங் பக்கமா 5 கிலோமீட்டர் பின்னால போய் நின்னாலும் சரியா நிரப்பும். ரெண்டு படத்திலயும் கோபுரம் ஒரே அளவு.

இப்போ பின்னால முழு நிலா வருதுன்னு வைங்க. சென்சார்ல நிலாவோட அளவு எப்பவும் குவியத்தூரத்துல 110-ல ஒரு பங்கு. 24-ல 0.2 மி.மீ., ஒரு புள்ளி. 400-ல 3.6 மி.மீ., கோபுரத்துல பத்துல ஒரு பங்கு உயரம். நிலா ஏன் பெருசாச்சு? நிலா அப்படியேதான் இருக்கு. நீங்க பின்னால போனதால கோபுரம் கண்ணுக்குச் சின்னதாயிடுச்சு, அதை லென்ஸ் பெருசாக்கும்போது நிலாவும் கூடவே பெருசாச்சு. முன்னதுக்கும் பின்னதுக்கும் உள்ள விகிதத்தை முடிவு பண்றது நீங்க நிக்கிற இடம் மட்டும்தான்.

நம்பிக்கை இல்லைன்னா அதே 5 கிலோமீட்டர்ல நின்னு 24-லயும் ஒண்ணு எடுங்க. நடுவுல வெட்டிப் பாருங்க. கோபுரம், நிலா, முன்னாடி இருக்கிற ஃபிளாட் எல்லாம் 400-ல இருந்த அதே நெருக்கத்துல இருக்கும்.

#11 எங்காங் துரத்தி

டீச்சர், வெட்டின படத்துல என்ன மிச்சம் இருக்கும்? அதையும் சொல்லுங்க.

#12 ஆயர் ஈத்தாம் டீச்சர்

கோபுரம் சென்சார்ல 2.2 மி.மீ. உயரம். 24 மெகாபிக்சல் கேமரான்னா சுமார் 360 பிக்சல். வாட்சாப் ஸ்டேட்டஸுக்குக் கூட வெக்கமாத்தான் இருக்கும். அதுக்குத்தான் 400 வாங்குறோம். நெருக்கம் வேணும்னு வாங்கலை, நெருக்கத்தை உருப்படியா பதிவு பண்ணத்தான் வாங்குறோம்.

முகம் எடுக்க 85-ம் 135-ம் நல்லதுன்னு சொல்றதும் இதே கதைதான். அந்த லென்ஸ் போட்டா ரெண்டு மூணு மீட்டர் தள்ளி நிக்க வேண்டியிருக்கும், அந்தத் தூரத்துல மூக்கு மூக்கோட அளவுலயே தெரியும்.

#13 எங்காங் துரத்தி

சரி டீச்சர், கணக்கை ஒத்துக்கிறேன். ஆனா காட்டுக்குள்ள "நிக்கிற இடத்தை மாத்து"ன்னு சொன்னா எங்காங் பறந்துடும்.

அஞ்சு கிலோமீட்டர்னு சொன்னதால ஒண்ணு. நடுவுல இருக்கிற காத்தையும் சேர்த்துத்தான் எடுக்கிறோம். மதியம் வெயில்ல தாரும் கூரையும் சூடாகி காத்து அலையும், அப்போ 600 போட்டா என்ன விலை லென்ஸா இருந்தாலும் கோடு எல்லாம் நெளியும். ஃபோக்கஸ் தப்புன்னு சர்வீஸுக்குக் கொண்டு போறவங்க இருக்காங்க. சுமத்ரா புகை மூட்டம் வர்ற மாசத்துல தூரத்துப் படத்தை மறந்துடலாம். ராத்திரி மழை பெய்ஞ்சு விடிஞ்ச காலை, அதுதான் நேரம். பினாங்குல இருந்து கடலுக்கு அந்தப் பக்கம் ஜெராய் மலை தெளிவாத் தெரிஞ்சா அன்னிக்கு நான் வேலைக்கு லேட்.

#14 செந்தூல் பையன்

புரியுது. கடைசியா பத்துமலைக்கு வருவோம். 200-ல எங்க நிக்கணும்? ராத்திரிக்கு செட்டிங் என்ன?

#15 ஆயர் ஈத்தாம் டீச்சர்

காவடியோட சேர்த்து ஆள் உயரம் 3 மீட்டர்னு வைங்க. உங்க கேமராவை நிமிர்த்திப் பிடிச்சா 200-ல 25 மீட்டர் தள்ளி நிக்கணும். 70-ல 9 மீட்டர். முருகன் சிலை 42.7 மீட்டர்; அதை முழுசா 200-ல அடக்க 360 மீட்டருக்கு மேல போகணும், அதுக்குள்ள நடுவுல ஆயிரம் தலை. அதுக்கு 18-55 போதும்.

#16 கேமராப்பெட்டி

விளக்கு வெளிச்சத்தில் எஃப் 2.8, ஷட்டர் நொடியில் 500-இல் ஒரு பங்கு, ஐ.எஸ்.ஓ. (சென்சாரின் உணர்திறன்) 3200-இல் தொடங்குங்கள், இருட்டாக இருந்தால் 6400 போகத் தயங்க வேண்டாம். லென்ஸில் நடுக்கத் தடுப்பு இருக்கிறதே என்று ஷட்டரைக் குறைக்காதீர்கள். அது உங்கள் கையைப் பிடிக்கும், ஆடுகிற காவடியைப் பிடிக்காது. கூட்டத்துக்கு முக்காலி கொண்டு போகாதீர்கள், யாராவது தடுக்கி விழுவார்கள்.

#17 தண்ணீர்மலை முருகனடிமை | பினாங்கு

இவ்வளவு நேரம் படிச்சுக்கிட்டுதான் இருந்தேன். நான் கேமரா பிடிக்கிறவன் இல்லை, காவடி எடுக்கிறவன். 25 மீட்டர் தள்ளி நிக்கிறவங்களால எங்களுக்குத் தொல்லை இல்லை. அகல லென்ஸை மாட்டிக்கிட்டு வழியில குறுக்க வந்து மூஞ்சிக்கு நேரா ஃபிளாஷ் அடிக்கிறவங்கதான் தொல்லை. ஏற்கனவே விரதம், வெயில், பாரம். கண்ணு கூசினா கால் தடுமாறும்.

ஆனா தூரம்னா எதை வேணும்னாலும் எடுக்கலாம்னு இல்லை. அலகு குத்துற இடத்துல, ஆத்தங்கரையில, குளிச்சுட்டு நிக்கிற பொம்பளைங்களைக் கூட்டத்துக்குப் பின்னால மறைஞ்சு நின்னு நீட்ட லென்ஸ்ல எடுக்கிறாங்க. எடுக்கிறது அவங்களுக்கே தெரியாது, மறுநாள் எங்கேயோ பார்த்துட்டு அழுறாங்க. கிட்ட நிக்கிறவன்கிட்ட வேணாம்னு கையைக் காட்டலாம். தூரத்துல நிக்கிறவன்கிட்ட எப்படிச் சொல்றது? குடும்பத்துக்காரங்க கூடவேதான் நிப்பாங்க, ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுங்க தம்பி. முக்கால்வாசிப் பேர் சந்தோஷமா சரின்னுதான் சொல்வாங்க, படத்தையும் அனுப்பச் சொல்வாங்க.

#18 மாமாக் டேபிள்

சரியாச் சொன்னீங்க அண்ணே.

#19 செந்தூல் பையன்

கேட்டுட்டுத்தான் எடுப்பேன் அண்ணே. பறவைக்கு அப்புறம் காசு சேர்த்துப் பார்த்துக்கிறேன், இப்போ 70-200 முடிவு. பழைய லென்ஸ், அதனால போய்ப் பார்க்கும்போது என்ன பார்க்கணும்?

#20 கேமராப்பெட்டி

நம் ஊரில் முதல் பகை பூஞ்சை. இந்த ஈரப்பதத்தில் பையிலேயே போட்டு வைத்திருந்த லென்ஸில் கட்டாயம் சந்தேகப்பட வேண்டும். அப்பர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) முழுதாகத் திறந்து வைத்து, பின்பக்கத்திலிருந்து போன் டார்ச்சைச் சாய்த்து அடித்து, முன்பக்கம் வழியாகப் பாருங்கள். ஓரத்திலிருந்து உள்ளே நூல் நூலாகக் கிளை விட்டிருந்தால் பூஞ்சை. முழுக்கப் பனி போல மங்கலாக இருந்தால் வேறு வில்லைக் கோளாறு, அது இன்னும் மோசம், வெளிச்சத்துக்கு எதிரே படம் வெளுத்துவிடும். இரண்டு மூன்று தூசி கிடந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது.

70-லிருந்து 200-க்கு மெதுவாகத் திருப்புங்கள், நடுவில் எங்கேயும் சிக்கவோ தொளதொளக்கவோ கூடாது. 200-இல் எஃப் 2.8 வைத்து, சுவரில் ஒட்டிய எழுத்து ஏதாவது ஒன்றை எடுத்து, திரையில் பெரிதாக்கி இடது ஓரத்தையும் வலது ஓரத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு பக்கம் மட்டும் மங்கினால் எப்போதோ கீழே விழுந்த லென்ஸ். கடைசியாக, முக்காலி வளையம் கூடவே வருகிறதா என்று கேளுங்கள். ஒன்றரை கிலோ லென்ஸை கேமரா மவுண்டை மட்டும் நம்பித் தொங்கவிடக் கூடாது, தனியாக வாங்கினால் அதுவும் ஒரு செலவு.

வாங்கியதும் ட்ரை கேபினட்டில் (ஈரத்தைக் கட்டுப்படுத்தும் அலமாரி) 40-லிருந்து 50 சதவீத ஈரப்பதத்தில் வையுங்கள்.

#21 செந்தூல் பையன்

டார்ச் அடிச்சுப் பார்க்க கடைக்காரர் விடலைன்னா?

#22 எங்காங் துரத்தி

விடலைன்னா கும்பிடு போட்டுட்டு வெளியே வந்துடு தம்பி. 70-200 எல்லாக் கடையிலயும் கிடைக்கும்.

#23 மாமாக் டேபிள்

லென்ஸ் ஹூட்டை மறக்காம மாட்டி இறுக்கு. பத்துமலை குரங்குக்கு அது டெலியா சூமான்னு எல்லாம் கவலை இல்லை, கையில தொங்குற எதுவும் அதுக்குச் சாப்பாடுதான்.